ஆகஸ்டில் இங்கிலாந்துக் கடற்கரை: அப்பா, அம்மா, இரண்டு வாண்டுகள். எந்த ஊர்?

ஸ்லவ்_செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் இரண்டாவது வாரம் எனக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைத்திருக்கிறது. ஏதாவது ஒரு கடலோர ஊரில் ஐந்து இரவு தங்கலாம் என்று திட்டம். கார் இருக்கிறது. பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 4. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நடப்பார், படி என்றால் முகம் மாறிவிடும். திருச்செந்தூரில் முங்கி எழுந்த மாதிரி இங்கேயும் ஒரு தடவை முங்கிவிட வேண்டும் என்று அப்பா வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இன்ஸ்டாகிராமைப் பார்த்துப் போட்டு வைத்திருக்கிற பட்டியல் இது: டர்டில் டோர், செசில் பீச், பிரைட்டன், கார்ன்வாலில் கைனான்ஸ் கோவ், வெஸ்டன்-சூப்பர்-மேர். எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம்?

குரோலி_கார்த்தி

டர்டில் டோர். யோசிக்கவே வேண்டாம். ஃபோட்டோ அள்ளும்.

பூல்_மீனா

ஃபோட்டோ அள்ளும், சரி. அம்மாவை யார் அள்ளுவது?

செந்தில், நான் இருப்பது பூல் பக்கம், அதனால் இந்த டார்செட் மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டர்டில் டோரில் காரை நிறுத்தியதும் கடல் வந்துவிடாது. சறுக்குகிற மாதிரி சரிந்த பாதையில் இறங்கி, அதற்குப் பிறகு செங்குத்தாகப் படிகள். கீழே மணல் கிடையாது, கூழாங்கல். குளித்துக் களைத்துத் தூங்கிப்போன நான்கு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே மேட்டில் திரும்ப ஏற வேண்டும். அந்தப் பாறை வளைவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நீங்களும் பையனும் மேலே வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அம்மாவை அந்த நேரத்தில் லுல்வர்த் கோவ் என்ற இடத்தில் உட்கார வைக்கலாம். லாடம் மாதிரி வளைந்த சின்னக் குடா. கார் நிறுத்துகிற இடத்திலிருந்து தண்ணீர் வரை தார் ரோடே போகிறது, வழியில் ஐஸ்கிரீம் கடைகளும் உண்டு.

செசில் பீச்சைக் குளிக்கிற பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். பார்க்க அற்புதமான இடம்தான். 29 கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் கல். மேற்கே வெஸ்ட் பே பக்கம் பட்டாணி அளவில் ஆரம்பித்து, போர்ட்லண்ட் பக்கம் வரும்போது ஒவ்வொன்றும் கைமுட்டி அளவுக்கு வந்துவிடும். இருட்டில் கரை ஒதுங்கிய மீனவர்கள் கல்லைத் தடவிப் பார்த்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம். ஆனால் அலை எட்டுகிற விளிம்பில் நின்று பாருங்கள்: அலை திரும்பும்போது காலடியில் இருக்கிற கல்லெல்லாம் சலசலவென்று சேர்ந்து கீழே ஓடும், கூடவே நாமும் போவோம். இரண்டு எட்டு வைத்தால் ஆள் ஆழம். அப்பாவை அங்கே முங்க விடாதீர்கள்.

பிரைட்டனும் கூழாங்கல்தான். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், 1899-இல் திறந்த பியர் (கடலுக்குள் நீண்டு போகிற பாலம்), கடைவீதி என்று ஒரு நாள் ஜாலியாகப் போய்வரலாம். பக்கெட்டும் மண்வெட்டியும் எடுத்துப் போகிற குழந்தைக்கு அங்கே வேலை இல்லை.

என் ஓட்டு வெய்மத்துக்கு. நல்ல நைஸான மணல், வளைந்த விரிகுடா, அலை அடங்கி வரும், வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர். மணலை ஒட்டியே சமமான அகலமான நடைபாதை, பெஞ்சு, டீக்கடை, கழிப்பறை. அம்மாவுக்குப் படியே இல்லை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1789-இல் உடம்பு தேற வேண்டும் என்று வந்து கடலில் குளித்த ஊர் அது, எஸ்பிளனேடில் அவருக்கு வண்ணம் பூசிய சிலைகூட இருக்கிறது. உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், குஷியாகிவிடுவார்.

வல்வை_அண்ணா

தம்பி செந்தில், மீனா பிள்ளை சொன்னது எல்லாம் சரி. நான் வேறொரு விஷயம் சொல்லவேணும்.

நாங்கள் கடலோடு பிறந்து வளர்ந்த ஆட்கள் என்று ஒரு நினைப்பு எங்கள் எல்லோருக்கும் இருக்குது. அந்தக் கடல் வேறு, இது வேறு. யாழ்ப்பாணத்திலேயும் சரி, உங்கட சென்னையிலேயும் சரி, கடல் ஏறி இறங்குகிறது ஒரு மீட்டர் அளவுக்குள்ளேதான். இங்கே நீங்கள் பட்டியலில் போட்டிருக்கிற வெஸ்டன் இருக்கிற பிரிஸ்டல் கால்வாயில் அது 14 மீட்டர் வரைக்கும் போகும், உலகத்திலேயே பெரிய ஏற்ற இறக்கங்களில் ஒன்று. தண்ணி வற்றின நேரம் போனால் கடலைக் காணக் கிடைக்காது, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் சேறு. கடலைத் தேடி அந்தச் சேற்றுக்குள்ளே நடந்தால் முழங்கால் வரைக்கும் புதைஞ்சு போவீர்கள். அதுக்குப் பிறகு தண்ணி திரும்பி வரும்.

2016 ஆகஸ்டில் கேம்பர் சாண்ட்ஸ் கடற்கரையில் நடந்தது இங்கே பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். லண்டனிலிருந்து போன எங்கட பெடியன்கள் ஐந்து பேர், இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள், ஒரே நாளில் கடலோடு போனார்கள். நல்ல வெயில், நல்ல மணல், பார்க்க அமைதியான கடல். அங்கே தண்ணி வெகுதூரம் வற்றும், நடுவிலே மணல் திட்டுகள். திரும்பி ஏறும்போது முதலில் முதுகுப் பக்கத்துப் பள்ளங்களில் வந்து நிரம்பும். திட்டில் நிற்கிறவருக்கு முன்னாலே கடல் அப்படியேதான் தெரியும், பின்னாலே ஆழமாகிவிட்டது தெரியாது. அன்றைக்கு அங்கே லைஃப்கார்டு இல்லை. அடுத்த வருஷக் கோடையிலிருந்து போட்டார்கள்.

கேம்பருக்குப் போகாதே என்று சொல்லவில்லை. லைஃப்கார்டு இல்லாத கடற்கரைக்குப் பிள்ளைகளோடு போகாதே என்றுதான் சொல்லுறன்.

ஸ்லவ்_செந்தில்

அண்ணா, படித்ததும் கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். வெஸ்டனைத் தூக்கிவிட்டேன். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று எங்கே பார்ப்பது? கொடி கொடியாக நட்டு வைத்திருப்பார்களே, அதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

அலைவாய்_முருகன்

நான் சவுத்எண்ட் பக்கம் வசிப்பவன், தினமும் கடலைப் பார்த்துத்தான் வேலைக்குப் போகிறேன். 2004 சுனாமியைப் பார்த்த என் மாமியார் முதன்முதலில் இங்கே கடல் உள்வாங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, “எல்லாரும் ஓடுங்க” என்று கத்தியதை இன்னும் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். இங்கே பியர் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதன் மேலே ஒரு ரயிலே ஓடுகிறது. காரணம் இதுதான்: தண்ணீர் அவ்வளவு தூரம் வற்றிவிடும், கப்பல் கரைக்கு வர முடியாது.

கணக்கு சுலபம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு வற்றல். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றலும் அதிகம்; அப்பா பையில் நிச்சயம் ஒரு பஞ்சாங்கம் இருக்கும், அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். சரியான நேரத்துக்கு, ஊர்ப் பெயரோடு டைட் டைம்ஸ் என்று போனில் தேடினால் வந்துவிடும். குழந்தைகளோடு மணலில் விளையாட வற்றி முடிகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு போய்ச் சேருவது நல்லது. ஏற ஆரம்பித்ததும் கரையை ஒட்டி வந்துவிடுங்கள். பாறைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற சின்னக் கடற்கரைகளில் தண்ணீர் ஏறினால் திரும்ப வழியே இருக்காது, மறந்துவிடாதீர்கள்.

கொடி: சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும், லைஃப்கார்டின் கண் அங்கேதான் இருக்கும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி சர்ஃபிங் பலகைக்காரர்களுக்கு. முழுச் சிவப்பு பறந்தால் தண்ணீரிலேயே இறங்கக் கூடாது. ஆரஞ்சு நிறத்தில் காற்றுப் பை ஆடிக்கொண்டிருந்தால், காற்றடித்த மிதவை, ஊதிய யூனிகார்ன் எதையும் தண்ணீரில் போடாதீர்கள். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், நீச்சல்காரரால்கூட விரட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் அது போய்விடும். பல கடற்கரைகளில் காவல் காலை 10 முதல் மாலை 6 வரைதான். ஆகஸ்டில் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும், அந்த இரண்டரை மணி நேரம்தான் ஆளை ஏமாற்றும்.

யாராவது தத்தளித்தால் நாம் குதிக்கக் கூடாது. 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டு என்று கேட்க வேண்டும். மாட்டிக்கொண்டவர் மல்லாந்து மிதக்க முயல வேண்டும். 1824 முதல் இதே வேலையாக இருக்கிற கடல் மீட்புத் தொண்டு அமைப்பான ஆர்என்எல்ஐ-காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான்.

பூல்_மீனா

முருகன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வெய்மத், பூல், போர்ன்மத் பக்கத்தில் இந்த ஏற்ற இறக்கம் இங்கிலாந்துக் கணக்குக்கு ரொம்பக் குறைவு, பெரிய நாள்களில்கூட இரண்டு மீட்டரைச் சுற்றித்தான். காலையில் விரித்த பாயை மாலை வரை பெரிதாக நகர்த்த வேண்டியதில்லை. நான் வெய்மத்தைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ட்ரூரோ_திவ்யா

எல்லோரும் டார்செட்டுக்கே தள்ளிக்கொண்டு போகிறீர்களே! இங்கிலாந்தில் கடல் என்றால் கார்ன்வால்தான். செயின்ட் ஐவ்ஸ் வந்து பாருங்கள். ஒரே ஊரில் நாலைந்து கடற்கரை: போர்த்மியோரில் பெரிய அலை, போர்த்மின்ஸ்டரில் அமைதி, நடுவில் குட்டியாகப் போர்த்விடன். செயின்ட் எர்த்திலிருந்து கடலை ஒட்டியே ஒரு சின்ன ரயில் ஓடுகிறது, அதில் வந்தால் ஊருக்குள் பார்க்கிங்குக்கு அலைய வேண்டாம். தண்ணீர் நிறத்தைப் பார்த்தால் இங்கிலாந்து என்று நம்பமாட்டீர்கள்.

கைனான்ஸ் மட்டும் இந்தக் குடும்பத்துக்குச் சரிவராது, ஒப்புக்கொள்கிறேன். இறங்கி ஏறுவதும் கஷ்டம், ஏற்றத்தின்போது மணலே மிஞ்சாது.

குரோலி_கார்த்தி

ஸ்லவிலிருந்து செயின்ட் ஐவ்ஸ் ஆகஸ்ட் சனிக்கிழமையில்? ஏ303 சாலையில் ஸ்டோன்ஹெஞ்ச் பக்கத்தில் வண்டி நகராமல் நிற்கும்போது நான்கு வயதுப் பிள்ளை “வந்துட்டோமா” என்று கேட்கிற கேள்விக்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா திவ்யா?

ட்ரூரோ_திவ்யா

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினால் சிக்கல் இல்லை. ஆனால் ஐந்து இரவுக்கு அவ்வளவு தூரம் என்றால், சரி, அதிலும் அப்பா அம்மா காரில் இருக்கும்போது, கொஞ்சம் அதிகம்தான். பத்து நாள் லீவு கிடைக்கும்போது வாருங்கள் செந்தில். வந்தால் கையில் பாஸ்டியை (கார்ன்வால் ஸ்பெஷல், உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட பண்டம்) வைத்துக்கொண்டு கடலை வேடிக்கை பார்க்காதீர்கள், இந்த ஊர்க் கடற்காக்கைகள் பின்னாலிருந்து வந்து தூக்கிக்கொண்டு போகும். சுவர்ப் பக்கம் முதுகைக் கொடுத்து நின்று சாப்பிடுவதுதான் உள்ளூர் வழக்கம்.

நாரிச்_நளினி

நார்ஃபோக்கை யாருமே சொல்லவில்லை. ஹோல்கம் பக்கம் பைன் மரக்காட்டைத் தாண்டி வந்தால் பரந்து விரிந்த மணல். வெல்ஸில் வண்ண வண்ண மர அறைகள், கடல் ஏறப் போகிறது என்றால் சங்கு ஊதியே எச்சரிக்கிறார்கள். ஹன்ஸ்டன்டனில் கீழே சிவப்பும் மேலே வெள்ளையுமாகப் பட்டை போட்ட செங்குத்துப் பாறை. கிழக்குப் பக்கத்து ஊராக இருந்தும் மேற்கைப் பார்த்திருப்பதால் சூரியன் கடலிலேயே மறையும். ஆனால் நேர்மையாகச் சொன்னால், ஹோல்கமில் வற்றிய நேரத்தில் தண்ணீர் வரை நடப்பதே ஒரு யாத்திரை. அம்மாவுக்கு வெய்மத்தான் சரி.

லீட்ஸ்_கணேசன்

சாப்பாட்டு விஷயம் ஒன்று. யாராவது மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருந்தால், ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில் வெறும் சிப்ஸ் வாங்குவதற்கு முன்புகூட எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று கேளுங்கள். எங்கள் யார்க்ஷயர் பக்கம், விட்பி, ஸ்கார்பரோ எல்லாம் பீஃப் டிரிப்பிங், அதாவது மாட்டுக் கொழுப்பில்தான் நிறையக் கடைகளில் பொரிப்பார்கள். அதுதான் ருசி என்று பெருமையாகப் பலகையிலேயே எழுதியும் இருப்பார்கள். தெற்கே தாவர எண்ணெய் கடைகள் அதிகம். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதில் தப்பில்லை, யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சைவக்காரர்களுக்குச் சட்டியும் தனியா என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

புளியோதரை கட்டிக்கொண்டு போய்விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஸ்லவ்_செந்தில்

அம்மா சுத்த சைவம். கணேசன் சார், இதை எந்த வலைத்தளத்திலும் நான் பார்த்ததே இல்லை. நன்றி.

அப்பா முங்குகிற விஷயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்கள். அவருக்கு 68 வயது, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார். குளிர் எவ்வளவு இருக்கும்?

பாத்_பத்மா

நான் நர்ஸ் என்பதால் சொல்கிறேன். தெற்குக் கரையில் ஆகஸ்டில் தண்ணீர் 17, 18 டிகிரியைச் சுற்றி இருக்கும். வடகிழக்கில், நார்தம்பர்லண்ட் பக்கம், இன்னும் சில டிகிரி குறைவு. திருச்செந்தூர்க் கடல் 28 டிகிரிக்கு மேல். அந்தப் பழக்கத்தில் தடாலென்று முங்கினால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், இதயம் படபடவென்று அடிக்கும், பிரஷர் ஒரேயடியாக ஏறும். பிரஷர் இருப்பவருக்கு அது விளையாட்டு இல்லை. கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றால், முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், கையிலும் கழுத்திலும் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு, மூச்சு சமமான பிறகு இடுப்பு வரை. தலையை நனைப்பது கடைசியாக. பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும். வெளியே வந்ததும் ஈரத்தோடு காற்றில் நிற்க விடாமல் துண்டு, சட்டை, ஃபிளாஸ்கில் சூடான டீ.

பிள்ளைகளுக்கு மெல்லிய வெட்சூட் (குளிர் தாங்குகிற ரப்பர் நீச்சல் உடை) வாங்குங்கள், பெரிய சூப்பர்மார்க்கெட்டிலேயே கோடையில் கிடைக்கும். அது இல்லாமல் இறங்கினால் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகி அழுதுகொண்டு வந்து நிற்கும். அம்மா புடவையோடு காலை நனைப்பதற்கு யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

அப்புறம், வெறுங்காலோடு நடக்கும்போது ஊசி குத்தின மாதிரி சுரீரென்று வலி எடுத்து ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் அது வீவர் மீன். வற்றின நேரத்தில், ஆழமில்லாத தண்ணீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், முதுகு முள்ளில் விஷம். காலைப் பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் அடங்கிவிடும். லைஃப்கார்டு குடிலுக்குப் போனால் அவர்களே வாளியில் வெந்நீர் தருவார்கள். ரப்பர் செருப்பு போட்டுவிட்டால் இந்த வைத்தியம் தேவைப்படாது.

அலைவாய்_முருகன்

கழிவுநீர் விஷயத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும். பெருமழை பெய்தால் சாக்கடை நிரம்பி வழிந்து கடலில் கலக்கிறது, இந்த நாட்டில் அது பெரிய அரசியல் சண்டை. சுற்றுச்சூழல் முகமை குளிக்கிற இடங்களின் தண்ணீரைச் சோதித்து மிக நன்று, நன்று, போதுமானது, மோசம் என்று நான்கு தரம் போடுகிறது. ஸ்விம்ஃபோ என்ற அவர்கள் தளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் தெரியும், அன்றன்றைய எச்சரிக்கையும் வரும். முந்தைய நாள் கொட்டித் தீர்த்திருந்தால் குளியலைத் தள்ளிப்போடுங்கள். சிறுபிள்ளைகள் எப்படியும் ஒரு வாய் குடித்துவிடுவார்கள்.

ஸ்லவ்_செந்தில்

சரி, முடிவு பண்ணிவிட்டேன். வெய்மத்தில் தங்குகிறோம், கடற்கரைக்கு நடக்கிற தூரத்தில், தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்திருக்கிறது. ஒரு நாள் லுல்வர்த். செசிலைப் போர்ட்லண்ட் மேட்டிலிருந்து பார்ப்பது மட்டும். பையனுக்கு டைனோசர் பைத்தியம், அதனால் ஒரு நாள் லைம் ரீஜிஸ். இன்னொரு நாள் ஸ்டட்லண்டில் மணல் நன்றாக இருக்கிறது என்று படித்தேன். சரிதானே?

பூல்_மீனா

அருமை. லைம் ரீஜிஸ்தான் மேரி ஆனிங் பிறந்த ஊர். 200 வருடத்துக்கு முன்பு, பெரிய படிப்பு எதுவும் இல்லாமல் இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனத்தின் எலும்புகளைத் தோண்டி எடுத்த பெண். பையனுக்குக் கதை சொல்லிக் கூட்டிப் போங்கள். அமோனைட் (சுருள் வடிவப் புதைபடிவம்) பொறுக்கப் பக்கத்தில் சார்மத் இன்னும் நல்லது. சுத்தியலால் பாறையை உடைக்க வேண்டாம், கீழே கிடக்கிற கல்லைப் புரட்டினாலே கிடைக்கும். மண்சரிவு அடிக்கடி நடப்பதால் செங்குத்துப் பாறைக்கு அடியில் போகக் கூடாது, தண்ணீர் இறங்குகிற நேரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

ஸ்டட்லண்ட் பற்றி ஒரு முக்கியமான தகவல். நோல் பீச் பார்க்கிங்கில் நிறுத்தி, அதன் எதிரிலேயே பாயை விரித்துவிடுங்கள். கூட்டம் இல்லாத இடம் தேடி வடக்கே மணல்மேட்டுப் பக்கம் நடந்துகொண்டே போனால், ஒரு பலகை வரும். அதற்கு அப்பால் துணியில்லாமல் குளிக்கிறவர்களுக்கு ஒதுக்கிய பகுதி. மாமனார் மாமியாரோடு போன என் தோழி ஒருத்தி இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

குரோலி_கார்த்தி

அந்தப் பலகையை ஃபோட்டோ எடுத்துப் போடுங்கள் செந்தில்.

வல்வை_அண்ணா

கார்த்தி, உமக்கு வேறு வேலையே இல்லையோ?

தம்பி, வெயில் நாளில் பத்து மணிக்கு முன்னாலே போய்ச் சேருங்கோ, பிறகு பார்க்கிங் கிடைக்காது. காற்றுத் தடுக்கிற துணி ஒன்று, அடிக்கிறதுக்கு மரச் சுத்தியலும் சேர்த்து வாங்குங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு கடல்காற்று எழும்பி மணல் எல்லாம் புளியோதரைக்குள்ளேதான் விழும். சின்னப் பிள்ளையின்ட கையிலே உங்கட போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கோ.

ஆக்ஸ்ஃபோர்டு_ரம்யா

இழைக்குப் புதிது. எங்களுக்கு லீவு ஆகஸ்டில் கிடையாது, டிசம்பர் கடைசியில்தான். குளிக்கிற எண்ணம் இல்லை. அந்தக் குளிரில் குழந்தைகளை எந்தக் கடற்கரைக்காவது கூட்டிப் போக முடியுமா?

நாரிச்_நளினி

ரம்யா, உங்களுக்குத்தான் நார்ஃபோக். ஹார்சி பக்கம் நவம்பர் முதல் ஜனவரி வரை சாம்பல்நிற சீல்கள் கூட்டம் கூட்டமாகக் கரையேறி குட்டி போடும். வெள்ளை ரோமத்தோடு குட்டிகள் மணலில் கிடக்கும். கடற்கரைக்குள் இறங்க விடமாட்டார்கள், கயிறு கட்டிய மணல்மேட்டின் மேலிருந்து பார்க்க வேண்டும். தன்னார்வலர்கள் நின்று வழிகாட்டுவார்கள். தனியாகக் கிடக்கிற குட்டியைத் தொடாதீர்கள், தாய் பக்கத்தில்தான் இருக்கும். நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் காலையில் போங்கள். பார்க்கிங்கிலிருந்து கொஞ்ச தூரம் சேற்றில் நடக்க வேண்டும், எல்லோருக்கும் வெலிங்டன் பூட்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.